எலக்ட்ரோவோட பவர் ஏன் அவன் கைக்குள்ள நிக்க மாட்டேங்குது?

ஸ்பைடர்மேன் கதைகள்ல வர்ற மின்சார வில்லன் எலக்ட்ரோவ பத்தி யாராவது பேச ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல "அவன் பவர் அன்ஸ்டேபிள்"னு ஒரு பேச்சு வந்துடும், ஆனா அன்ஸ்டேபிள்னா என்னன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, ஒருத்தர் பவர் ரொம்ப ஜாஸ்தின்னு சொல்வார், இன்னொருத்தர் அவனுக்கு கோபம் ஜாஸ்தி அதனாலன்னு சொல்வார், இன்னும் சில பேர் படத்துல நீலமா மினுமினுன்னு இருந்தானே அதுதான்னு நெனச்சுட்டு இருக்காங்க. கூடவே லட்சக்கணக்கான வோல்ட், தண்ணி ஊத்துனா அணைஞ்சுடுவான், இப்படியெல்லாம் சேந்து வரும். எல்லாத்துலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா எல்லாத்தையும் ஒண்ணா போட்டு கலக்குறதால அந்த கேரக்டரோட நிஜமான அழகு தெரியாமலே போயிடுது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏன்னா காமிக்ஸ் வில்லன்கள்ல இவ்வளவு நல்லா ஃபிசிக்ஸோட ஒட்டிப்போற ஆளு ரொம்ப கம்மி.

நான் சொல்ல வர்றது இதுதான்: எலக்ட்ரோவோட பிரச்சனை பவரோட அளவு இல்ல, அந்த பவர் எந்த வழியா எப்ப வெளிய போகும்ங்கிறது அவன் கட்டுப்பாட்டுல இல்லாம போறதுதான். இத புரிஞ்சுக்க பத்தாங்கிளாஸ் அளவு மின்சாரம் தெரிஞ்சா போதும், அதுவும் மறந்துபோச்சுன்னா பரவால்ல, இங்கயே பாத்துக்கலாம்.

யாரு இந்த மேக்ஸ் டில்லன்

1964 பிப்ரவரி தேதி போட்டு வந்த தி அமேசிங் ஸ்பைடர்மேன் 9ஆம் இதழ்லதான் எலக்ட்ரோ முதல்ல வர்றான். எழுதுனது ஸ்டான் லீ, வரைஞ்சது ஸ்டீவ் டிட்கோ. ஆளு பேரு மேக்ஸ் டில்லன், மின்சார கம்பெனில லைன்மேன். கூட வேலை பாக்குறவர் ஒருத்தர் கம்பத்து மேல மாட்டிக்கிறார், போய் காப்பாத்துன்னு மேலதிகாரி சொல்றார், மேக்ஸ் உடனே ஏறல, 100 டாலர் குடுத்தாதான் ஏறுவேன்னு பேரம் பேசுறான். பணம் தர்றேன்னு சொன்னதுக்கு அப்பறம் ஏறி அவர கீழ எறக்கி விடுறான். அவர் தப்பிச்சுடுறார். மேக்ஸ் இன்னும் மேலயே லைன பிடிச்சுட்டு நிக்கும்போது மின்னல் இறங்குது.

இத நெறைய பேர் கவனிக்கிறதில்ல. முதல் கதைல எலக்ட்ரோவுக்கு பழி வாங்குற எண்ணமே கிடையாது. யாரும் அவன ஏமாத்தல, அவமானப்படுத்தல, அவன் வெறும் பேராசைக்காரன், பவர் வந்ததும் பச்சையும் மஞ்சளுமா ஒரு டிரஸ், மூஞ்சில நட்சத்திர வடிவத்துல ஒரு மாஸ்க், நேரா கொள்ளையடிக்க கிளம்பிட்டான். பழி எல்லாம் பின்னாடி வந்து சேந்தது, அது எப்படி வந்துச்சுன்னு கடைசில பாப்போம், ஏன்னா அதுக்கும் அன்ஸ்டேபிள்ங்கிறதுக்கும் சம்பந்தம் இருக்கு.

மாடி தண்ணி டேங்க்

வோல்டேஜ், கரண்ட், சார்ஜ், இந்த மூணையும் ஒண்ணாவே நெனைக்கிறதுலதான் பாதி குழப்பம் ஆரம்பிக்குது. அதனால வீட்டு மொட்டை மாடில இருக்கிற தண்ணி டேங்க மனசுல வச்சுக்குங்க, கட்டுரை முழுக்க இது ஒண்ணே போதும்.

டேங்க்ல மொத்தம் எவ்வளவு தண்ணி இருக்குங்கிறது சார்ஜ். அந்த தண்ணி எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கிறது வோல்டேஜ், அதாவது கீழ தள்ளுற அழுத்தம். பைப்ப திறந்ததும் ஒரு செகண்டுக்கு எவ்வளவு தண்ணி ஓடுதுங்கிறது கரண்ட். பைப்பு ஒல்லியா இருந்தா தண்ணி கம்மியா வரும்ல, அந்த தடைக்கு பேரு ரெசிஸ்டன்ஸ். டேங்க் எவ்வளவு அகலம்ங்கிறது கெபாசிட்டன்ஸ், அகலமான டேங்க்ல நெறைய தண்ணி ஊத்துனாலும் உயரம் மெதுவாத்தான் ஏறும், ஒல்லி டேங்க்ல கொஞ்சம் ஊத்துனாலே மேல வரைக்கும் வந்துடும்.

இப்ப ஒரு விஷயம் தன்னால தெரிஞ்சுடும். ஒரு ஒல்லியான குழாய பத்து மாடி உயரத்துக்கு நிக்க வச்சு அதுல நாலு சொம்பு தண்ணி ஊத்தி வச்சாலும் உயரம் பத்து மாடிதான், அழுத்தம் பயங்கரமாத்தான் இருக்கும், ஆனா திறந்து விட்டா ஒரு நொடில காலியாயிடும். அதனால வோல்ட் எவ்வளவுங்கிறத மட்டும் வச்சு ஒருத்தன் எவ்வளவு ஆபத்தானவன்னு சொல்லவே முடியாது. ஆளக் கொல்றது உடம்பு வழியா ஓடுற கரண்ட், நெஞ்சு வழியா சுமார் 100 மில்லி ஆம்பியர் போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம், அந்த கரண்ட் எவ்வளவு நேரம் ஓடுதுங்கிறதும் முக்கியம்.

சுருக்கமா, வோல்டேஜ் அழுத்தம், கரண்ட் ஓட்டம், சார்ஜ் மொத்த இருப்பு.

பத்து லட்சம் வோல்ட் எவ்வளவு பெருசு

எலக்ட்ரோவால அதிகபட்சம் பத்து லட்சம் வோல்ட் வரைக்கும் உண்டாக்க முடியும்னு, ஸ்பைடர்மேன் காமிக்ஸ் போடுற மார்வெல் கம்பெனியோட கேரக்டர் கையேட்டு விவரங்கள்ல வரும். கேட்டாலே பயமா இருக்கு. ஆனா இத கணக்கு போட்டு பாத்தா வேற மாதிரி வருது.

தரையோட தொடர்பு இல்லாம நிக்கிற ஒரு சாதாரண மனுஷ உடம்போட கெபாசிட்டன்ஸ் சுமார் 100 பிக்கோஃபாரட், அது ரொம்ப ரொம்ப சின்ன அளவு. டேங்க் பாஷைல சொன்னா நம்ம உடம்பு ஒரு ஒல்லிக் குழாய். இந்த குழாய்ல பத்து லட்சம் வோல்ட் உயரத்துக்கு நெரப்புனா உள்ள சேர்ற எனர்ஜி வெறும் 50 ஜூல். ஆஸ்பத்திரில தாறுமாறா துடிக்கிற இதயத்துக்கு ஷாக் குடுக்கிற டீஃபிப்ரிலேட்டர் மெஷின் ஒரு தடவைக்கு 120லேர்ந்து 360 ஜூல் வரைக்கும் குடுக்கும். அதாவது சாதாரண உடம்போட இருக்கிற எலக்ட்ரோவோட மொத்த இருப்பு அந்த மெஷினோட ஒரு ஷாக்க விட கம்மி. கார் கதவ தொடும்போது சுள்ளுன்னு ஒரு ஷாக் அடிக்குதே, அதுல கூட சில ஆயிரம் வோல்ட் இருக்கு, ஆனா சார்ஜ் ஒண்ணுமே இல்லாததால நமக்கு ஒண்ணும் ஆகுறதில்ல.

ஆக பேங்க் பெட்டகத்த உருக்குற, கார தூக்கி எறியுற எலக்ட்ரோவுக்கு வோல்ட் மட்டும் போதாது, அவன் உடம்பு சாதாரண உடம்ப விட பல லட்சம் மடங்கு அகலமான டேங்கா மாறியிருக்கணும். கெபாசிட்டர்னு ஒரு பொருள் இருக்கு, சார்ஜ சேத்து வச்சு தேவைப்படும்போது சட்டுன்னு கொட்டுற பாகம், எலக்ட்ரோவ நாம அப்படித்தான் பாக்கணும். கையேட்டுல அவன் தானே மின்சாரம் உண்டாக்குறான்னு இருக்கு, உடம்பு சூட்ட சீரா வச்சுக்க தசைகள் கண்ணுக்கு தெரியாம துடிக்குமே அந்த துடிப்புலேர்ந்து வருதுன்னு விளக்கம் குடுத்திருக்காங்க. சரி, அதையும் கணக்கு போடலாம். சும்மா உக்காந்திருக்கிற மனுஷ உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் விடுது. ஒரு மின்னல்ல இருக்கிற எனர்ஜி சுமாரா நூறு கோடி ஜூல், நம்ம வீட்டு மீட்டர் கணக்குல ஏறக்குறைய 280 யூனிட். அந்த 100 வாட்டையும் ஒரு துளி வீணாக்காம மின்சாரமா மாத்துனா கூட ஒரே ஒரு மின்னலுக்கு கிட்டத்தட்ட நாலு மாசம் சேக்கணும்!

அதனாலதான் கதைகள்ல அவன் திரும்பத் திரும்ப பவர் ஸ்டேஷனுக்கும் ஹை டென்ஷன் லைனுக்கும் ஓடுறான். அவனுக்குள்ள இருக்கிற ஊத்து சின்னது, டேங்க்தான் பெருசு, வெளிலேர்ந்து நெரப்பித்தான் ஆகணும்.

மின்னலும் விலாங்கும்

மின்னல் அடிச்சு பொழச்சா பவர் வருமான்னு சின்ன பசங்க கேப்பாங்க, பெரியவங்களும் கேக்கலாம், தப்பே இல்ல. மின்னல் பட்டவங்கள்ல பத்துல ஒம்போது பேர் வரைக்கும் பொழச்சுக்கிறாங்க. காரணம், பெரும்பாலான நேரம் கரண்ட் உடம்புக்குள்ள போகாம தோல் மேலயே வழுக்கிட்டு ஓடிடுது, அதுவும் செகண்டுல ரொம்ப சின்ன பகுதி நேரம்தான். அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்து ஷெனண்டோவா தேசிய பூங்காவுல வேலை பாத்த ராய் சல்லிவன்ங்கிறவருக்கு 1942லேர்ந்து 1977க்குள்ள ஏழு தடவ மின்னல் அடிச்சிருக்கு, ஏழு தடவையும் பொழச்சார். அவருக்கு கெடச்சது தீக்காயமும் பொசுங்குன முடியும்தான். பொழைக்கிற பல பேருக்கு நரம்பு பாதிப்பு, ஞாபக மறதி, தீராத வலின்னு வருஷக்கணக்கா நிக்கும். சில பேர் தோல்ல பெரணி இலை மாதிரி செவப்பா ஒரு கோலம் வந்து கொஞ்ச நாள்ல மறைஞ்சுடும், அதுக்கு லிச்சன்பெர்க் உருவம்னு பேரு.

இதுல காமிக்ஸ் செய்ற வேலை என்னன்னா, நரம்பு பாதிக்கப்படும்ங்கிற உண்மைய எடுத்து நரம்பு மாறிடும்னு ஒரு படி தள்ளி வைக்குது. மேக்ஸ் லைன பிடிச்சுட்டு இருந்த நேரத்துல மின்னல் விழுந்ததால நரம்பு மண்டலமே வேற மாதிரி ஆயிடுச்சுங்கிறதுதான் கதைல சொல்ற காரணம்.

2014ல வந்த தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2 படத்துல இத மாத்திட்டாங்க. தமிழ் டப்பிங்ல பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஜேமி ஃபாக்ஸ் நடிச்ச மேக்ஸ் அதுல ஆஸ்கார்ப் கம்பெனி எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், ஒயர சரி பண்ணும்போது மின்சார விலாங்கு தொட்டிக்குள்ள விழுந்துடுறான். எனக்கு இந்த மாத்தம் பிடிச்சிருக்கு, ஏன்னா மின்சார விலாங்கு நிஜமாவே உடம்புக்குள்ள கரண்ட் செய்ற உயிர். அதோட உடம்புல எலக்ட்ரோசைட்னு தட்டு தட்டா செல்கள் ஆயிரக்கணக்குல வரிசையா அடுக்கி இருக்கும், அது எல்லாமே பரிணாமத்துல தசை செல்லா இருந்து மாறுனது. ஒரு செல் குடுக்கிறது ஒரு வோல்ட்ல பத்துல ஒரு பங்கு மாதிரிதான், ஆனா எல்லாம் ஒரே நேரத்துல சுட்டா சேந்து பெருசாயிடும், 2019ல தனி இனமா அறிவிச்ச ஒரு விலாங்கு கிட்ட 860 வோல்ட் வரைக்கும் அளந்திருக்காங்க. தசைலேர்ந்து மின்சாரம்னு கையேட்டுல எழுதினாங்களே, அதுக்கு இயற்கைல இருக்கிற ஒரே நல்ல ஆதாரம் இந்த மாதிரி மீன்கள்தான்.

முக்கியமான வித்தியாசம் ஒண்ணு. எந்த செல் எப்ப சுடணும்னு விலாங்கோட மூளை ஒரு உத்தரவு குடுக்கும், எல்லா செல்லும் ஒண்ணா கேக்கும். அந்த உத்தரவு அமைப்பு, அதாவது வால்வ், விலாங்குக்கு பொறப்புலயே இருக்கு. மேக்ஸுக்கு டேங்க் வந்துச்சு, நல்ல வால்வ் வரல.

அந்த நட்சத்திர மாஸ்க்

இது எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. டிட்கோ வரைஞ்ச மாஸ்க பாத்திருப்பீங்க, மூஞ்சிய சுத்தி மின்னல் மாதிரி கூர் கூரா நீட்டிட்டு இருக்கும். பாக்க கோமாளித்தனமா இருக்குன்னு பல பேர் சொல்வாங்க, புது படங்கள்லயும் முழுசா வைக்கல. ஆனா ஃபிசிக்ஸ் படி அந்த மாஸ்க் தன்னோட கதைய தானே சொல்லுது.

ஒரு பொருள் மேல சார்ஜ் சேந்தா அது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பரவாது, கூர்மையான முனைல போய் நெருக்கியடிச்சு சேரும். அங்க அந்த நெருக்கம் ஒரு அளவ தாண்டுனா சுத்தி இருக்கிற காத்தே கொஞ்சம் கொஞ்சமா கரண்ட கடத்த ஆரம்பிச்சு சார்ஜ் வெளிய கசியும், லேசா நீல வெளிச்சமும் உஸ்ஸுன்னு சத்தமும் வரும். இதுக்கு கொரோனா டிஸ்சார்ஜ்னு பேரு. ஈரமான ராத்திரில ஹை டென்ஷன் லைன் பக்கத்துல நின்னா கேக்குற உஸ்ஸுங்கிற சத்தம் அதுதான். பெரிய மின்சார ஆய்வுக்கூடங்கள்ல சார்ஜ் தங்கணும்னா எல்லாத்தையும் உருண்டையா வழவழன்னுதான் செய்வாங்க, ஒரு கூர்முனை கூட விட மாட்டாங்க.

அப்ப எலக்ட்ரோ மாஸ்க்ல இருக்கிற ஒவ்வொரு முனையும் டேங்க்ல போட்ட ஒரு ஓட்டை. மூக்கு, காது, விரல் நுனி, இதெல்லாம் கூட ஓட்டைதான், மனுஷ உடம்பே சார்ஜ் தேக்குறதுக்கு ஏத்த வடிவம் கிடையாது. காமிக்ஸ்ல அவன் சும்மா நிக்கும்போதே உடம்ப சுத்தி சின்ன சின்ன பொறி பறக்கிற மாதிரி வரைவாங்கல்ல, அத அலங்காரம்னு நெனைக்காதீங்க, அது கசிவு. அவன் அமைதியா நிக்கிற நேரத்துல கூட இழந்துட்டேதான் இருக்கான்.

தண்ணியும் ரப்பரும்

முதல் கதையோட முடிவு இது: ஸ்பைடர்மேன் முதல் தடவ எலக்ட்ரோவ வெறும் கையால தொட்டு ஷாக் வாங்கி சுருண்டு விழுறான், ரெண்டாவது தடவ ரப்பர் கையுறையும் ரப்பர் ஷூவும் போட்டுட்டு வந்து தண்ணி ஹோஸ திருப்பி அடிச்சு முடிக்கிறான். அப்பலேர்ந்து "எலக்ட்ரோவுக்கு தண்ணி ஆகாது"ன்னு பரவிடுச்சு, தண்ணி நெருப்ப அணைக்கிற மாதிரி கரண்டையும் அணைக்கும்னு ஒரு எண்ணம். அப்படி இல்ல.

சுத்தமான தண்ணி கரண்ட ஒழுங்கா கடத்தவே கடத்தாது, குழாய் தண்ணில கரைஞ்சிருக்கிற உப்புகள்தான் கடத்துது. தண்ணி பட்டதும் ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, காஞ்ச தோலோட ரெசிஸ்டன்ஸ் ஒரு லட்சம் ஓம் வரைக்கும் இருக்கும், நனைஞ்சா ஆயிரம் ஓம் அளவுக்கு எறங்கிடும், அதாவது அவனோட டேங்க் சுவரே நூறு மடங்கு லேசாயிடுது. இன்னொண்ணு, உடம்புலேர்ந்து தரை வரைக்கும் ஈரம் ஒரே பாதையா ஆயிடுது. சார்ஜ் போய் அடங்குறதுக்கு பூமி எப்பவும் இடம் குடுக்கும், அப்படி தரையோட இணைக்கிறதுக்குத்தான் எர்த்னு சொல்றோம். ஒரு விரல் வழியா குறி பாத்து அடிக்க வேண்டிய கரண்ட் உடம்பு முழுக்க எல்லா பக்கமும் தரைக்கு ஓடுது. இப்படி போக வேண்டிய வழிய விட்டுட்டு குறுக்கு வழில மொத்தமா பாயுறதுதான் ஷார்ட் சர்க்யூட். டேங்க உடைச்சு விட்டாச்சு, அவ்வளவுதான்.

ரப்பர் ஏன்? ஹோஸ்லேர்ந்து போற தண்ணி அவன் உடம்ப தொடும்போது அதே தண்ணி வழியா கரண்ட் ஹோஸ பிடிச்சிருக்கிற ஆளு கிட்டயும் வரலாம். ரப்பர் ஒரு இன்சுலேட்டர், கரண்ட எளிதா கடத்தாத பொருள். தண்ணி மட்டும் இருந்தா ஸ்பைடர்மேனும் சேந்து விழுந்திருப்பான், ரப்பர் மட்டும் இருந்தா எலக்ட்ரோ நின்னுட்டே இருப்பான், ரெண்டும் சேந்தாதான் விடை முழுசாகுது. 1964ல பசங்களுக்குன்னு எழுதுன கதைல இத சரியா யோசிச்சு வச்சிருக்காங்க. ஒரே ஒரு கொறை, இன்சுலேட்டருக்கும் எல்லை உண்டு. லைன்மேன்கள் போடுற ரப்பர் கையுறைல ஒசந்த வகையே 36,000 வோல்ட் வரைக்கும்தான், அதனால பத்து லட்சம் வோல்ட்ல இருக்கிற எலக்ட்ரோ முன்னாடி நிஜத்துல எந்த கையுறையும் தாங்காது.

இந்த பகுதில பிடிச்சுக்க வேண்டியது: தண்ணி பவர அழிக்கல, பாதைய மாத்துது. எலக்ட்ரோ தோக்குற எல்லா கதையையும் பாதை யார் கைல இருந்துச்சுன்னு கேட்டு படிச்சா புரிஞ்சுடும்.

அன்ஸ்டேபிள்னா நிஜமா என்ன

இப்ப மெயின் விஷயத்துக்கு வந்தாச்சு. ஃபிசிக்ஸ்ல அன்ஸ்டேபிள்னா பெருசுன்னு அர்த்தம் இல்ல, பலமானதுன்னும் இல்ல. ஒரு சின்ன மாத்தம் வந்தா அது தானா அடங்கிடுச்சுன்னா அந்த அமைப்பு ஸ்டேபிள். அந்த சின்ன மாத்தமே தன்ன தானே வளத்துக்கிட்டே போச்சுன்னா அது அன்ஸ்டேபிள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மின்சாரப் பொறி அப்படி ஒரு விஷயம். காத்து சாதாரணமா இன்சுலேட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் 30,000 வோல்ட் ஆனதும் காத்துல சுத்திட்டு இருக்கிற ஒண்ணு ரெண்டு எலக்ட்ரான்கள் வேகம் எடுத்து பக்கத்து அணுக்கள்ல மோதி புது எலக்ட்ரான்கள உடைச்சு விடும், அதுங்க போய் இன்னும் நாலு பேர மோதும், இப்படி ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி கண் மூடி தெறக்கிறதுக்குள்ள காத்துல ஒரு கரண்ட் பாதை உருவாகிடும். பாதை உருவானதும் ரெசிஸ்டன்ஸ் கொறையும், கொறைஞ்சதும் இன்னும் அதிக கரண்ட் ஓடும், அதிக கரண்ட் ஓடுனா சூடேறி பாதை இன்னும் நல்ல பாதையா ஆகும், ஆரம்பிச்சுட்டா டேங்க் காலியாகிற வரைக்கும் நிக்காது. அந்த பாதை நேரா போகும்ங்கிற உத்தரவாதமும் கிடையாது, மின்னல் கோணல் மாணலா வர்றது அதனாலதான். இரும்பு எங்க இருக்கு, ஈரம் எங்க இருக்கு, உயரமா எது நிக்குதுன்னு தேடிட்டு போகும்.

இப்ப எலக்ட்ரோவ நெனச்சு பாருங்க. பவர் கொஞ்சமா இருக்கிற வரைக்கும் கசிவும் கொஞ்சம், விரல் நுனிலேர்ந்து குறி வச்சு ஒரு பொறி விடலாம். டேங்க நெரப்ப நெரப்ப உடம்புல எல்லா முனையும் அந்த 30,000 எல்லைய நெருங்கிடும், அதுக்கு மேல எந்த முனை முதல்ல உடையும்னு அவனால சொல்ல முடியாது. அவன் குறி பாக்குறது கையால, கரண்ட் கிளம்புறது தோள்லேர்ந்து, போய் விழுறது பக்கத்துல இருக்கிற கூட்டாளி மேல. பவர் ஏற ஏற கட்டுப்பாடு எறங்குறதுக்கு காரணம் இதுதான்.

காமிக்ஸ்ல இத உண்மையிலேயே எடுத்து கையாண்ட கதைங்க ரெண்டு சொல்லலாம். 2010ல வந்ததுல அவன் பவர் சிதைஞ்சுட்டே வருது, சரி பண்ண மேட் திங்கர்ங்கிற இன்னொரு வில்லன் கிட்ட போறான், அந்த சிகிச்சையோட விளைவா உடம்பே மின்னலா மாறுற நிலைக்கு போயிடுறான், கடைசில டெய்லி பியூகிள் பத்திரிகை கட்டிடமே இடிஞ்சு விழுது. அடுத்தது 2014, அதுல பவர் மொத்தமா கைய விட்டு போயிடுது. அவன் மேல ஆசையா இருந்த ஃபிரான்சைன் ஃப்ரைங்கிற பொண்ணு அவனுக்கு முத்தம் குடுக்க, அந்த தொடுதல்லயே கரண்ட் பாஞ்சு செத்துப்போறா. அவனுக்கு அவள கொல்லணும்னு எண்ணமே கிடையாது. கரண்டுக்கு அது தெரியாது, அதுக்கு தெரிஞ்சது ஈரமான ஒரு பாதை. எலக்ட்ரோ கதைகள்லயே எனக்கு மனச ரொம்ப அழுத்துன இடம் அதுதான், அவன் மூஞ்சில வில்லன்தனமே இல்லாத ஒரு தருணம்.

சுருக்கமா, அன்ஸ்டேபிள்னா தன்ன தானே வளத்துக்கிற மாத்தம், எலக்ட்ரோவுக்கு அது டேங்க் நெறையும்போது வருது.

பழி எங்கேர்ந்து வந்துச்சு

படத்த மட்டும் பாத்தவங்க எலக்ட்ரோன்னா ஸ்பைடர்மேனோட தீவிர ரசிகனா இருந்து ஏமாந்து போன தனிமையான ஆளுன்னு நெனைக்கிறாங்க. அந்த டைம்ஸ் ஸ்கொயர் சீன் நல்ல சீன், மறுக்கல, பெரிய பெரிய ஸ்கிரீன்கள்ல தன் மூஞ்சி வந்ததும் சந்தோஷப்பட்டு அடுத்த நிமிஷம் ஸ்பைடர்மேன் மூஞ்சி வந்ததும் உடைஞ்சு போறான். ஆனா காமிக்ஸ்ல பழி அப்படி ஒரே நாள்ல வர்றதில்ல, பல வருஷமா சேருது.

முதல் கதைல தோல்வி. அதே 1964லயே டேர்டெவில் 2ஆம் இதழ்ல டேர்டெவில்ங்கிற இன்னொரு ஹீரோ கிட்ட தோல்வி, அதே வருஷம் டாக்டர் ஆக்டோபஸ்ங்கிற வில்லன் இன்னும் அஞ்சு வில்லன்கள கூட்டி சினிஸ்டர் சிக்ஸ்ங்கிற கூட்டணிய ஆரம்பிச்சப்ப அதுலயும் சேந்து தோல்வி. பின்னாடி வந்த கதைகள்ல அவன் சின்ன வயசையும் சேத்தாங்க, அப்பா விட்டுட்டு போனது, நீ பெரிய இன்ஜினியர் எல்லாம் ஆக வேண்டாம் லைன்மேன் வேலையே போதும்னு அம்மா அடக்கி வச்சது. ஆக நாம பாக்குற மேக்ஸ், தன்கிட்ட இருக்கிறத யாரும் மதிக்கலன்னு நம்புற ஆளு. ஒவ்வொரு தடவ தோக்கும்போதும் அவன் எடுக்கிற முடிவு ஒண்ணே ஒண்ணுதான், இன்னும் பவர் வேணும். பவர் கூடுனா கட்டுப்பாடு கொறையுதுன்னு மேல பாத்தோம், கட்டுப்பாடு கொறைஞ்சா திரும்ப தோக்குறான், தோத்தா வன்மம் இன்னும் ஏறுது, வன்மம் ஏறுனா இன்னும் பவர் தேடி ஓடுறான். பொறி காத்துல எப்படி வளருதோ அதே வடிவம்தான் இவன் வாழ்க்கைக்கும் குடுத்திருக்காங்க. எழுதுனவங்க எல்லாரும் திட்டம் போட்டு செஞ்சாங்களான்னு கேட்டா, அறுபது வருஷத்துல எத்தனையோ பேர் எழுதிருக்காங்க, எல்லாருக்கும் ஒரே திட்டம் இருந்திருக்காது. ஆனா வரிசையா படிக்கும்போது இந்த வடிவம் தெளிவா தெரியுது.

கோபப்பட்டா பவர் கூடுமான்னு ஒரு கேள்வி அடிக்கடி வரும். தசை துடிப்புலேர்ந்துதான் மின்சாரம் வருதுன்னு கையேட்டு விளக்கத்த ஏத்துக்கிட்டா, கோபத்துல தசை இறுகும், உடம்பு சூடேறும், அதனால உள்ள உற்பத்தி கொஞ்சம் ஏறலாம்னு நான் நெனைக்கிறேன். ஆனா அந்த ஊத்து எவ்வளவு சின்னதுன்னு ஏற்கனவே கணக்கு போட்டாச்சு. கோபத்தோட பெரிய விளைவு வேற, அவன் குறி பாக்காம மொத்தத்தையும் தொறந்து விட்டுடுறான்.

எங்கேர்ந்து படிக்கலாம்

புதுசா ஆரம்பிக்கிறவங்க 1964 இதழ்ல ஆரம்பிங்க, இருவது நிமிஷத்துல முடிஞ்சுடும், ரப்பரும் தண்ணியும் வர்ற பக்கங்கள கொஞ்சம் நின்னு பாருங்க. அடுத்து 2010 கதை, அமேசிங் ஸ்பைடர்மேன் 612லேர்ந்து 614 வரைக்கும். அதுக்கு அப்பறம் 2014ல புதுசா நம்பர் போட்டு ஆரம்பிச்ச வரிசையோட முதல் ஆறு இதழ், அதோட முடிவுல ஸ்பைடர்மேன் ஒரு கருவி வச்சு மேக்ஸ் கிட்டேர்ந்து பவரையே எடுத்துடுறான். அத முடிச்சுட்டு 2016க்கு போனா செத்துப்போன ஃபிரான்சைன் திரும்பி வந்திருப்பா. பவர் திரும்ப வேணுமான்னு கேட்டப்ப மேக்ஸ் இந்த தடவ வேண்டாம்னு சொல்றான், அவனுக்குள்ள மிச்சம் இருந்தத ஃபிரான்சைன் ஒரு முத்தத்துலயே இழுத்துக்கிட்டு அவன கொன்னுட்டு புது எலக்ட்ரோவா ஆயிடுறா. அவ கிட்ட பாதை எப்படி வேலை செய்யுது, மேக்ஸ விட நல்லா அடக்கி வைக்கிறாளான்னு பாத்துக்கிட்டே படிங்க.